அரண்மனையும் வெள்ளைக்காரர் கல்லறையும்

கண்டியில் அந்த வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. புல்லைப் பார்த்துத்தான் வந்தது. தலைமுடியைக் கத்தரித்துவிட்டதுபோல அத்தனை சீராக வெட்டியிருந்தார்கள். ஒரு சருகுகூடக் கிடக்கவில்லை. செத்து நூற்றைம்பது, இருநூறு வருஷமானவர்களுக்கு இப்படி ஒரு கவனிப்பா என்று நினைத்தபோதே வாய் கசந்தது. ஊர் பார்க்கப் போன இடத்தில் ஒருத்திக்குப் புல்லைப் பார்த்து ஏன் கோபம் வர வேண்டும் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நான், குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் அக்கா, பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கும் என் மகள். எங்கள் தோட்டம் ரம்புக்கனைக்கு மேலே இருக்கிறது. ரப்பர் தோட்டம். நான் அங்கே பால் வெட்டுகிறேன். அப்பாவும் அங்கேதான் வெட்டினார். அக்காவும் வெட்டிக்கொண்டிருந்தவள்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள்.

போய் ஆறு வருஷம். ஆறு வருஷமும் ஒரே வீடு, ஒரே சமையலறை. வெளியே போவதென்றால் முதலாளி மேடத்தின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போவது, காரிலிருந்து இறங்காமலே திரும்பி வருவது. அப்பா இறந்தபோதும் அவளால் வர முடியவில்லை. கடவுச்சீட்டு மேடத்தின் அலுமாரிக்குள் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு போகலாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாளாம். என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா அந்தச் சமையலறையில் நின்றபடி அப்பாவின் அடக்கத்தைப் பார்த்தாள். மயானச் சரிவில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. முதல் பிடி மண் போடுகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது. திரும்ப வரவேயில்லை.

"அப்பாவ நான் இன்னும் பொதைக்கல தங்கச்சி. எனக்கு அவரு பாதியிலயே நிக்கிறாரு" என்று பிறகு ஒருநாள் போனில் சொன்னாள்.

அது போதாதென்று போன வருஷம் தோட்டக் கம்பனி மயானத்துப் பக்கத்துக் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டியது. மரம் ஏற்றுகிற லொறிக்குப் பாதை வேண்டும் என்று மண் வெட்டுகிற பெக்கோ மெசின் கொண்டுவந்தார்கள். அது எங்கள் மயானத்துக்குக் குறுக்கே போனது. பாதையோடும் நிற்கவில்லை. மரத்தை எடுத்து முடிந்ததும் சரிவு முழுவதையும் படிப்படியாக வெட்டி, குழி தோண்டி, புதுக் கன்று நட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்களின் தலைமாட்டில் பளிங்குக் கல் கிடையாது. சிலருக்குச் சீமெந்துக் கட்டி, சிலருக்கு ஒரு குரோட்டன் செடி, பலருக்கு ஆற்றிலிருந்து எடுத்து வைத்த கல். அப்பாவுக்கு நாங்கள் ஒரு செம்பருத்தி நட்டிருந்தோம். எல்லாம் மண்ணோடு மண்ணாகப் பள்ளத்தில் உருண்டு கிடந்தன.

ஆம்பிளைகள் போய்க் கேட்டார்கள். உதவி மனேஜரான சின்னதுரை தோட்டத்து வரைபடத்தை மேசையில் விரித்து, "இதில மயானம்னு எங்கயும் போடலையே" என்றாராம். வரைபடத்தில் இல்லையாம். அப்பாவுக்குக் குழி வெட்ட ஆள் கொடுத்தது யார்? தோட்டம். சவப்பெட்டி கொடுத்தது யார்? தோட்டம். அன்றைக்குத் தெரிந்த மயானம் பெக்கோ வந்த நாளில் மட்டும் தெரியாமல் போய்விட்டது. ஆம்பிளைகள் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அத்தோடு போயிற்று.

அக்கா வந்து இறங்கியதும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. "அப்பாகிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். இருந்தாலும் கண்ணால் பார்ப்பது வேறு. சரிவில் வரிசை வரிசையாகக் கன்றுகள் நின்றன. இடையில் மண் அரிக்காமலிருக்கக் கொடி படர விட்டிருந்தார்கள். அக்கா கையில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்துக்கொண்டு, "எந்த இடம்?" என்று கேட்டாள். நான் ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் இரண்டு அடி எடுத்து வைத்தாள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இல்லை, கொஞ்சம் கீழே என்றேன். பிறகு அதுவும் இல்லை என்று தோன்றியது. சரிவின் உருவத்தையே வெட்டி மாற்றியிருந்தார்கள். என் அப்பா எங்கே கிடக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா கற்பூரத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கண்டிப் பயணம் அவளுடைய யோசனைதான். "ஒரு டவுனையாச்சும் வேடிக்க பார்க்க வந்த ஆளு மாதிரி போய்ப் பார்க்கணும்டி. சாமான் தூக்காம, புள்ள தூக்காம, சும்மா கைய வீசிக்கிட்டு" என்றாள். ரம்புக்கனையில் காலை ரயில் பிடித்தோம். யன்னலோரம் அவளுக்கு. மலை ஏறத் தொடங்கியதும் சுரங்கம் வரும்போதெல்லாம் சின்னப் பிள்ளைபோல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மகள் போனில் எதையோ தேடி வைத்திருந்தாள். கண்டியில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் எந்தப் பழைய இடத்தைப் பார்ப்பது என்று யாரோ எழுதியது. அரண்மனையும் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகையும் ஒரு பக்கம், அதற்குப் பின்னால் மேட்டில் இருக்கிற வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருந்தார்களாம். அரண்மனை பெரிது, கூட்டம் அதிகம், வரிசையில் நிற்க வேண்டும். கல்லறைத் தோட்டம் சின்னது, அமைதியானது, மனதைத் தொடும்.

"சுடுகாட்டப் பார்க்க யாராச்சும் ரயில் ஏறிப் போவாங்களா?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரங்க போறாங்களேம்மா. நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"எனக்கு ராஜா வீடு" என்றாள் அக்கா. "கடைசி ராஜா தமிழ் தெரிஞ்சவருன்னு பள்ளிக்கூடத்தில படிச்சது. அவரு இருந்த எடத்தப் பார்க்கணும்."

மகளின் முகம் வாடியது. சரி, அரண்மனையைப் பார்த்துவிட்டு நேரம் இருந்தால் அங்கேயும் போகலாம் என்று முடிவானது.

குளக்கரையில் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். யாரும் நியமிக்காமல் தானாகவே வழிகாட்டி வேலை பார்க்கிறவர். அக்காவின் பொட்டையும் சேலையையும் பார்த்துவிட்டு, "இந்தியா? சென்னை?" என்றார்.

"அபி ரம்புக்கனே" என்றாள் அக்கா. நாங்கள் ரம்புக்கனை ஆட்கள் என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள்.

அவர் சிரித்தார். அது சரி, இந்தியாவில் எந்த ஊர் என்று சிங்களத்திலேயே கேட்டார். வெளிநாட்டுக்காரர் டிக்கட் எடுக்கும் இடம் அந்தப் பக்கம், வாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னார். நான் அடையாள அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். என் பாட்டனும் முப்பாட்டனும் இந்த மண்ணில்தான் செத்தார்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் கடலை விற்றவர் திரும்பிப் பார்த்தார்.

"கோபப்படாதீங்க நங்கி, சும்மா கேட்டேன்" என்று என்னைத் தங்கச்சியாக்கிவிட்டு அவர் விலகிப் போனார்.

அந்தச் சும்மாதான் எனக்கு ஆகாது. பஸ்ஸில் சும்மா கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் சும்மா கேட்பார்கள், என் மகள் தோழி வீட்டுக்குப் போனால் அங்கேயும் சும்மா கேட்பார்கள். கேட்கிறவனுக்கு ஒருதடவைதான். பதில் சொல்கிறவளுக்கு ஆயுள் முழுக்க.

உள்ளே போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. பூத்தட்டோடு வந்த கூட்டத்தோடு கூட்டமாகப் போனோம். அக்காவும் தாமரை வாங்கி வைத்துக் கும்பிட்டாள். ஆனால் அவள் வந்தது ராஜாவுக்காக. மரத்தூண்களைத் தடவிப் பார்த்தாள். அகழிச் சுவரில் விளக்கு வைக்கிற சின்னச் சின்னப் பொந்துகளைப் பார்த்து, இத்தனைக்கும் எண்ணெய் ஊற்றுவது எவள் தலையில் விழுந்திருக்கும் என்று கேட்டாள். ராஜா படுத்த இடம் எது என்று காவலுக்கு நின்றவரிடம் விசாரித்தாள். அவர் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடத்தைக் காட்டினார்.

"ராஜாவுக்கு என்னாச்சு?" என்று என் மகளிடம் கேட்டாள்.

"வெள்ளைக்காரன் பிடிச்சு வேலூருக்கு அனுப்பிட்டான் பெரியம்மா. அங்கதான் செத்தாரு."

அக்கா அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க இருந்தவர அங்க கொண்டு போயிட்டு, அங்க இருந்த நம்மள இங்க கொண்டாந்து போட்டிருக்கான். அவனுக்கு வேற வேலையே இல்ல போல" என்றாள்.

மகள் சிரித்துவிட்டாள். நானும் அக்காவும்கூடச் சிரித்தோம். அன்றைய நாளில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அரண்மனை எனக்குப் பிடித்திருந்தது. கூட்டம், வெயிலில் சுட்ட கல், அழுகிற பிள்ளைகள், தரையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற குடும்பங்கள். போனில் எழுதியவருக்கு அதெல்லாம் குறையாகப் பட்டிருக்கலாம். எனக்கு அது உயிருள்ள இடமாகத் தெரிந்தது. அங்கே யாரும் எங்களை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகுதான் மேட்டில் ஏறி அந்தத் தோட்டத்துக்குள் போனோம்.

அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. பெரிய மரங்களின் நிழல், குருவிச் சத்தம், கீழே இருக்கிற வாகன இரைச்சல் எதுவும் எட்டாத அமைதி. அந்த அழகுதான் என்னைக் குத்தியது. ஒவ்வொரு கல்லும் நிமிர்ந்து நின்றது. ஒவ்வொன்றிலும் பேர், வயது, ஊர், எப்படிச் செத்தார் என்ற விபரம். என் மகள் ஆங்கிலத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இவர் பட்டாளத்துக்காரர். இது ஒரு அம்மா, பிள்ளைப்பேற்றில் செத்திருக்கிறாள். இது பேர் வைத்துச் சில மாதமே ஆன குழந்தை.

புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான சிங்களவர் எங்களைக் கண்டு வேலையை நிறுத்திவிட்டு வந்தார். அன்பான மனிதர். இங்கிலாந்திலிருந்து ஆட்கள் தேடிக்கொண்டு வருவார்கள் என்றார். "அவங்க தாத்தாவுக்குத் தாத்தாவா இருக்கும். ஆனா பேரு இருக்குதானே. கண்டுபிடிச்சு, இந்தக் கல்லத் தொட்டுக்கிட்டு அழுவாங்க" என்று சிங்களத்தில் சொன்னார்.

அக்கா ஒரு கல்லின் முன்னால் நின்றிருந்தாள். "இது யாரு?" என்று மகளிடம் கேட்டாள்.

"கோப்பித் தோட்டத்து தொரை, பெரியம்மா. காய்ச்சல்ல செத்திருக்காரு. வயசு இருபத்தி மூணுதான்."

அக்கா அந்தப் பெரியவரிடம் திரும்பினாள். "கோப்பித் தோட்டத்தில வேலை செஞ்ச எங்க ஆளுங்கள எங்க பொதைச்சாங்க?"

அவர் யோசித்தார். "இங்க இல்ல அக்கா."

"இங்க இல்லன்னு தெரியுது. எங்க?"

"அது எனக்குத் தெரியாது" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு மட்டுமா தெரியாது? இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கென்று மாத்தளைப் பாதையில் நடந்து வரும்போது காட்டிலேயே விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதே காய்ச்சல்தான் அவர்களையும் கொன்றது. காய்ச்சலுக்குத் துரை, கூலி என்று பேதம் தெரியவில்லை. செத்த பிறகு மனுஷர்கள் அந்தப் பேதத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் இப்படி உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தபோது அக்கா கைப்பையைத் திறந்து அந்தக் கற்பூரத்தை எடுத்தாள். அப்பாவுக்கென்று எடுத்துப் போன அதே கட்டி. அந்த இருபத்தி மூன்று வயது துரையின் முன்னால் குந்தி உட்கார்ந்து தீப்பெட்டியைத் தேடினாள். அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா, என்ன செய்ற? இவனுக்கா?"

"கைய விடு."

"இவனுக்குப் புல்லு வெட்ட ஆள் இருக்கு. அழுறதுக்குக் கப்பல் ஏறி ஆள் வருது. இவன் வந்ததாலதான் நம்ம இந்தக் கதியில இருக்கோம். அப்பாவுக்கு எடுத்து வச்சத இவனுக்கு ஏத்துவியா நீ?"

"அப்போ எங்க ஏத்துறது? நீ காட்டு. அன்னைக்குக் கேட்டேனே, காட்டினியா?" அவள் குரல் உயரவில்லை. "இவன் அம்மா இவனுக்கு ஒரு பிடி மண் போடல. சாவுச் சேதி கப்பல்ல போயிருக்கும். ஊர விட்டு ஊர் வந்து செத்தவன்டி இவன். எனக்கு அது தெரியும். உனக்குத் தெரியாது."

"அவன் தொரையா வந்தான். நீ வேலக்காரியாப் போன."

"தெரியும். செத்தவன்கிட்ட நல்லா சண்ட போடுற. உசுரோட ஒபிசுல உக்காந்திருக்கிறவன்கிட்ட போனியா நீ? ஆம்பிளைங்க போய்ட்டு வந்தாங்கன்னு வீட்டிலயே இருந்துட்டதான?"

என் மகள், "ஆளுங்க பாக்குறாங்கம்மா" என்று என் முந்தானையை இழுத்தாள். நான் கையை உதறிக்கொண்டு வெளியே போய் றோட்டோரம் நின்றேன். அக்கா மீதா, அந்தத் துரை மீதா, எங்கள் சின்னதுரை மீதா, என் மீதேயா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். அவள் ஏற்றிவிட்டுத்தான் வந்தாள். கல்லில் கரி படாமல் கொஞ்சம் தள்ளி மண்ணில் வையுங்கள் என்று மட்டும் அந்தப் பெரியவர் சொன்னாராம். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். மகள்தான் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் மகள் வாங்கி வந்த மீன் வைத்த மாலு பாணை அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தின்றோம். அக்கா சொன்னதில் எனக்கு உறைத்தது துரை விஷயம் இல்லை. அதில் இன்றைக்கும் எனக்கு அவளோடு ஒத்துப்போகாது. ஒபிஸ் விஷயம்தான் உறைத்தது. கடுகண்ணாவை ஸ்டேஷன் தாண்டியதும் அவளே வாயைத் திறந்தாள்.

"திங்கக்கிழமை ஒபிசுக்குப் போறோம். பொம்பளைங்க மட்டும்."

"சரி" என்றேன்.

திங்கட்கிழமை நாங்கள் யாரும் பால் வெட்டப் போகவில்லை. விடிந்ததும் ஒபிஸ் வாசலில் போய் நின்றோம். ஐந்தாறு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். லயத்து வீடுகளில் ஒரு பொம்பளை மிச்சமில்லாமல் வந்துவிட்டார்கள். சின்னதுரை வந்து கலைந்து போகச் சொன்னார். நகரவில்லை. கடைசியில் மனேஜரான பெரியதுரையே வெளியே வந்தார். நிதானமான மனிதர், தமிழும் ஓரளவு பேசுவார்.

"மயானம் இருந்ததுன்னு சொல்றீங்க. யார் யார் அங்க இருக்காங்கன்னு விபரம் இருக்கா? ஒபிசில எதுவும் இல்ல" என்றார்.

"இருக்கு சேர்" என்றாள் அக்கா. "எங்க அப்பா."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், "என் வீட்டுக்காரரு" என்றாள். அடுத்தவள், "மாமியாரு, மாமனாரு, ரெண்டு பேரும்" என்றாள். ஒருத்தி, "என் ரெண்டாவது புள்ள, பேரு வைக்க முந்தியே போயிடுச்சு" என்றாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருத்தி முடிக்க அடுத்தவள் தொடங்கினாள். யாரும் அழவும் இல்லை. எல்லோர் குரலிலும் இருந்தது கோபம்தான். சின்னதுரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியதுரை கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கொழும்பில் இருக்கிற கம்பனிக்கு போன் போட்டார்.

கிடைத்தது இவ்வளவுதான். ஓடைக்கரையில் இன்னும் நடாமல் கிடந்த ஒரு துண்டை மயானத்துக்கு விட்டார்கள். வரைபடத்திலும் அதைக் குறித்துவிட்டதாகக் காட்டினார்கள். இனிச் சாகிறவர்களுக்கு இடம் உண்டு. ஏற்கனவே செத்தவர்கள் கிடக்கிற சரிவை விட முடியாதாம். நட்ட கன்றைப் பிடுங்கினால் கம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். புதைத்த மனுஷருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா அந்தச் சரிவுக்குள்தான் எங்கேயோ இருக்கிறார். சில பெண்களுக்கு ஓடைக்கரைத் துண்டு கிடைத்ததே பெரிய ஆறுதல். எனக்கு ஆறவில்லை.

அக்கா விடுமுறை முடிந்து திரும்பப் போய்விட்டாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கன்றுகள் இப்போது என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டன. இன்னும் சில வருஷத்தில் பால் வெட்டுக்கு வந்துவிடும். போன வாரம் வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளையிடம் போய், அந்தச் சரிவு வெட்டுக்கு வரும்போது அங்கே எனக்கு மரம் ஒதுக்கக் கூடாது என்று சொன்னேன்.

"அதுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கு அக்கா. இப்பவே ஏன் கோபப்படுறீங்க?" என்று சிரித்தார்.

"தெரியும். இப்பவே எழுதி வச்சுக்குங்க" என்றேன்.

அவர் எழுதவில்லை. மறுநாளும் போய்ச் சொன்னேன்.